ஏகாம்பரத்தின் வயலினுக்கு நான் ஆசைப்பட்டேன்

'உங்களுக்குப் பிடித்தது எது?' என்று கேட்கும் யாரும் நமக்குப் பிடித்ததைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதில்லை. அவர்களுக்குப் பிடித்ததை நாம் சொல்கிறோமா என்று பார்க்கத்தான் கேட்கிறார்கள். ஓட்டல் சர்வர் மட்டும் விதிவிலக்கு என்று நினைத்திருந்தேன். அவரும் கடைசியில் எது மீந்திருக்கிறதோ அதைத்தான் கொண்டுவருகிறார். இந்த உண்மை கல்யாணத்துக்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் நிறையப் பெரிய மனிதர்களை அழவைத்து நெமிலிச்சேரி வரை கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டேன்.

கதையில் ஓர் இசையமைப்பாளர் வருகிறார். அவர் யார் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அவருடைய ரசிகர்கள் 'அவர் பேரைச் சொல்ல உனக்கு என்ன தகுதி' என்று வருவார்கள். மற்றவருடைய ரசிகர்கள் 'அவரெல்லாம் ஒரு இசையமைப்பாளரா' என்று வருவார்கள். இரண்டு தரப்பையும் உட்காரவைக்க எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது. என் மாமனாரும் அவருடைய நண்பர்களும் அவரை 'மாஸ்டர்' என்பார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

அப்போது நான் அம்பத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே டெக்னீஷியன். வீடு திருவேற்காட்டில். ஸ்டெல்லா தன் அம்மாவை முழங்கால் வலி என்று அங்கே கூட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் காதலுக்கு நிலாவோ மழையோ காரணமில்லை. என் மாமியாரின் மூட்டுத் தேய்மானம்தான் காரணம். (மாமியார் இதை இன்றைக்கும் தன் சொந்தச் சாதனையாகத்தான் விருந்தாளிகளிடம் சொல்கிறார்.) ரிப்போர்ட் வாங்க ஒருமுறை வந்தாள். ரிப்போர்ட்டில் சந்தேகம் கேட்க ஒருமுறை வந்தாள். சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கும் ஒருமுறை வந்தாள். அதற்குமேல் அந்த மூட்டை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாததால் ரயில் நிலையத்தில் சந்திக்க ஆரம்பித்தோம்.

அவளுடைய அப்பா சாலமன் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் சார்ஜ்மேன். குடும்பம் குவார்ட்டர்ஸில் இருந்தது. எங்கள் இரண்டு வீடும் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்பதால் அந்த வகையில் தடை இல்லை. தடை வேறு வகையில் இருந்தது.

"அப்பா சம்பளம் கேக்கமாட்டாரு. சொந்த வீடு கேக்கமாட்டாரு" என்றாள் ஸ்டெல்லா. "மாஸ்டரோடதுல உனக்குப் பிடிச்சது எதுன்னு ஒண்ணே ஒண்ணு கேப்பாரு. அதுல தேறலன்னா என்னை மறந்துடு வின்சென்ட்."

"அவ்ளோதான? நிறைய பாட்டு தெரியுமே எனக்கு."

"பாட்டுன்னு சொன்னா அங்கயே எழுந்து போயிடுவாரு."

அவர் மாஸ்டரின் பெயரில் ஒரு மன்றம் நடத்திவந்தார். மாதம் ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்ததும், குவார்ட்டர்ஸ் கம்யூனிட்டி ஹாலில் கூடுவார்கள். அங்கே பாட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பாட்டு பொதுமக்களுக்கு. மன்றத்தாருக்குப் பின்னணி இசைதான். வசனம் இல்லாமல் காட்சி ஓடும்போது பின்னால் கொஞ்சம் வருமே, அது. அதை அவர்கள் 'பிட்' என்பார்கள். ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு பிட் சொந்தம். கதாநாயகி மாடிப்படி இறங்கும்போது வரும் புல்லாங்குழல் பொருளாளர் கோதண்டத்துடையது. அண்ணனும் தம்பியும் வீட்டைப் பாகம் பிரிக்கும்போது வரும் ஒற்றை வீணை சாலமனுடையது. ஒருவருடைய பிட்டை இன்னொருவர் ரசிக்கலாம், தலையாட்டலாம், கண்கலங்கலாம். 'எனக்கும் அதுதான் பிடிக்கும்' என்று மட்டும் சொல்லக்கூடாது. பிட் ஒலிக்கும்போது அதன் சொந்தக்காரர் எழுந்து நிற்பார். மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

யாருக்கு எந்த பிட் என்பது சீனியாரிட்டிப்படி. வாழ்க்கையில் பாதியை குவார்ட்டர்ஸ் அலாட்மென்ட்டுக்குக் காத்திருந்தே கழித்தவர்கள் மன்றம் வைத்தால் அது வேறெப்படி இருக்கும்?

"எல்லாம் குவார்ட்டர்ஸ் ரூல்தான்" என்றாள் ஸ்டெல்லா. "வேகன்ட்டா இருக்கறதுலதான் கேக்கமுடியும். சின்னதா ஒண்ணு கேளு. முதல் அலாட்மென்ட்லயே பெரிய வீடு கேக்காத." தபால்காரர் சைக்கிளில் வரும்போது பின்னால் ஒலிக்கும் சின்னத் தபேலா ஒன்று யாரும் சீந்தாமல் கிடப்பதாகவும், அதைக் கேட்டால் போதும் என்றும் சொல்லிக் கொடுத்தாள்.

இன்னோர் எச்சரிக்கையும் கொடுத்தாள். ஏகாம்பரம் என்று ஒருவர், அப்பாவின் உயிர் நண்பர். வெல்டராக இருந்து ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நெமிலிச்சேரியில் கட்டிய சொந்த வீட்டுக்குப் போய்விட்டார். பிரிவு உபசார விழாவில் இரண்டு பேருக்கும் சண்டை. அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. "அம்மா மட்டும்தான் வழியனுப்பப் போனாங்க. எல்லா சாமானும் ஒரே மினிலாரில போயிடுச்சு. அப்பா ஜன்னல் வழியா பார்த்துட்டு நின்னாரு. அவர் பேர மட்டும் எடுத்துடாத."

நான் பேரை எடுக்கவில்லை. பிட்டைத்தான் எடுத்தேன்.

நடந்தது இதுதான். சொல்லிக்கொடுத்த தபேலாவோடு நிறுத்தாமல், மாஸ்டரின் பின்னணி இசையைத் தேடித்தேடி, வேலைக்கு ஷேர் வேனில் போகும்போதும் வரும்போதும் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். முதலில் எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. யாரோ எங்கேயோ சோகமாக இருக்கிறார்கள் என்ற அளவுக்குப் புரிந்தது. ஒருநாள் காலை அந்த வயலின் வந்தது. சின்ன ரயில் நிலையம். கடைசி ரயிலும் போய்விட்டது. மகனுக்காகக் காத்திருந்த ஓர் அம்மா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அவன் வரவில்லை. அவள் அழவில்லை. அவனுக்காகக் கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, தானே சாப்பிட ஆரம்பிக்கிறாள். அங்கே வரும் வயலின். ஒரு நிமிடம்கூட இருக்காது. நான் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர், "இன்னா தம்பி, வாந்தி வருதா? ஜன்னலாண்ட வந்துடு" என்று இடம் மாற்றிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு தபால்காரரின் தபேலாவை எப்படிக் கேட்பது? பிடித்தது எது என்றுதானே கேட்கப்போகிறார்கள். பிடித்ததைச் சொல்வோம் என்று முடிவுசெய்தேன். அந்த வயதில் எனக்கு நேர்மை இருந்தது, புத்தி இல்லை. ஸ்டெல்லாவிடமும் சொல்லவில்லை. இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு வந்தது. சர்ச்சிலிருந்து நேராக வந்திருந்த வெள்ளைச் சட்டைகள், நடுவில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு புளூடூத் ஸ்பீக்கர். சாலமன் அந்த ஸ்பீக்கரைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பற்றி ஸ்டெல்லா வீட்டில் 'அம்மாவுக்கு எக்ஸ்ரே எடுத்த பையன், மாஸ்டர்னா உயிரு, மன்றத்துல சேரணுமாம்' என்று மட்டும் சொல்லியிருந்தாள். ஆனால் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வை உறுப்பினர் சேர்க்கைக்கான பார்வையாகத் தெரியவில்லை.

"தம்பி, மாஸ்டரோடதுல உங்களுக்குப் பிடிச்சது எது?"

எழுந்து நின்றேன். "ஸ்டேஷன் பெஞ்சுல அந்தம்மா தனியா சாப்பிடுவாங்கல்ல, அங்கிள். அப்ப வர்ற வயலின்."



"அது ஏகாம்பரத்தோடது" என்றார் கோதண்டம், சாலமன் பக்கம் பார்க்காமல்.

அந்த நொடிவரை எனக்கு அது தெரியாது. இந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்கலாம். 'தெரியாம சொல்லிட்டேன், வேற சொல்றேன்' என்றிருக்கலாம். ஆனால் மூளை வேலை செய்தது. ஏகாம்பரம் ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்தவர். மன்றத்தில் எல்லாம் குவார்ட்டர்ஸ் ரூல். அப்படியானால் வீட்டோடு பிட்டையும் விட்டுவிட்டுத்தானே போயிருக்க வேண்டும்? கணக்கு நேராக வந்தது.

"தெரியும் சார். ஆனா அது இப்ப வேகன்ட் ஆயிடுச்சு."

சாலமன் கையில் கைக்குட்டை நின்றது. "வேகன்ட்டா? என்ன தம்பி சொல்லுதீங்க?" (ஆவடியில் இத்தனை வருஷம் இருந்தும் மனசு கலங்கினால் அவருக்குத் திருநெல்வேலி வந்துவிடும்.) "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஸ்டெல்லா சொன்னாள் என்று சொல்ல முடியாது. அவளோடு எனக்கு மூட்டு சம்பந்தமான பழக்கம் மட்டும்தான் என்பது ஏற்பாடு. அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"நம்ம தொழில்ல இருக்கறவங்களுக்கு இதெல்லாம் முன்னாடியே தெரிஞ்சிடும், அங்கிள்."

(எந்தத் தொழில்? எது தெரிந்துவிடும்? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.)

இங்கே ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். எனக்கு அன்று யாரும் சொல்லாத விதி. அலாட்மென்ட் மட்டும்தான் குவார்ட்டர்ஸ் போல. ஒருமுறை கிடைத்துவிட்டால் பிட் என்பது பென்ஷன் போல. ரிட்டயர் ஆனாலும், ஊரைவிட்டுப் போனாலும், மன்றத்தோடு சண்டைபோட்டாலும் அது அவருடையதுதான். உயிர் இருக்கும்வரை யாரும் தொட முடியாது. ஒரு பிட் வேகன்ட் ஆவதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. அந்த வழியைத்தான், ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் நான், தொழில்முறையில் உறுதிப்படுத்தியிருந்தேன்.

சாலமன் கண்ணாடியைக் கழற்றினார். கோதண்டம் போனில் எதையோ தேடி அழுத்தினார். ஸ்பீக்கரில் அந்த வயலின் வந்தது. ஹாலில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

நான் நெகிழ்ந்துபோனேன். சொந்தக்காரர் மட்டும்தான் நிற்பார் என்றாளே, என் தேர்வுக்கு ஒரு மன்றமே நிற்கிறதே என்று நினைத்தேன். முன்வரிசையில் ஒருவர் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்தார். பின்னால் ஒருவர் குலுங்கினார். என் ரசனை இவ்வளவு பேரைத் தொடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அடக்கமாக இருக்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் தாளம் போட்டேன்.

வயலின் முடிந்ததும் சாலமன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "கடைசில ரொம்பக் கஷ்டப்பட்டானா, தம்பி?"

வீடு மாறுவதைப் பற்றிக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "அப்படியெல்லாம் இல்ல அங்கிள். ஒரே வண்டியில போயிட்டாராம்."

"கூட யாரு இருந்தா?"

"ஆன்ட்டி போயிருந்தாங்களாம்." உங்கள் வீட்டு ஆன்ட்டி என்று சொல்ல வந்தவன், ஸ்டெல்லாவை நினைத்து நிறுத்திக்கொண்டேன். அவர் அதை ஏகாம்பரத்தின் மனைவி என்று எடுத்துக்கொண்டு, "பாவம் கஸ்தூரி" என்றார்.

அதற்குள் கோதண்டம் ஏகாம்பரத்தின் நம்பருக்குப் போட்டுப் பார்த்தார். யாரும் எடுக்கவில்லை. "சாவு வீட்ல யாரு போன் எடுப்பா" என்று அவரே வைத்துவிட்டார். இது எதுவும் என் காதுக்கு வராத தூரத்தில் நடந்தது. நான் அப்போது ஆளுக்கு ஆளாக வந்து கைகொடுத்தவர்களிடம் 'நன்றி, நன்றி' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஏகாம்பரத்தின் படத்தோடு கண்ணீர் அஞ்சலி வந்துவிட்டது. சண்டைக்குப் பிறகு அவர் குழுவைவிட்டு வெளியேறியிருந்ததால், அதைப் பார்க்காத ஒரே ஆள் அவர்தான்.

எல்லோரும் வேனில் ஏறினோம். எங்கே என்றேன். "ஏகாம்பரம் ஊட்டுக்கு" என்றார்கள். சரி, பிட்டை முறைப்படி ஒப்படைக்கும் நிகழ்ச்சி போலிருக்கிறது, சாவி ஒப்படைப்பது மாதிரி என்று நினைத்தேன். பட்டாபிராமில் நிறுத்தி ஒரு பெரிய ரோஜா மாலை வாங்கினார்கள். ரிட்டயர் ஆனவருக்கு மரியாதை என்று நினைத்தேன். ஸ்பீக்கரையும் மாலையையும் என் மடியில் வைத்தார்கள். புதிதாகப் பெறுகிறவன்தான் முன்னால் கொண்டுபோக வேண்டும் என்பது மன்றத்தின் வழக்கமாம். பெருமையாக இருந்தது. வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வேன் நின்றது.

பின்சீட்டில் கோதண்டம் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: "பாடி ஊட்லயே கீதா, இல்ல ஐஸ் பெட்டி சொல்லணுமா?"

ஏசி இல்லாத வேனில் எனக்குக் குளிர்ந்தது.

போனை எடுத்து மாலைக்கு அடியில் மறைத்து ஸ்டெல்லாவுக்கு அனுப்பினேன்: 'ஏகாம்பரம் உயிரோட இருக்காரா?'

உடனே பதில் வந்தது: 'நேத்து சாயங்காலம் அம்மா மார்க்கெட்ல பாத்தாங்க. வஞ்சிரம் வாங்கிட்டிருந்தாராம். ஏன்?'

ஏன் என்பதற்கு என்னிடம் பதில் இருந்தது. டைப் செய்யத்தான் கை வரவில்லை.

பக்கத்தில் சாலமன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். "ஃபேர்வெல்ல மைக்கப் பிடிச்சுக்கிட்டு நான் ஒரு வார்த்த சொல்லிட்டேன், தம்பி. அவன் பிட்ல வர்றது வயலினே இல்ல, கீபோர்டுல வாசிச்சதுன்னு. தமாஷுக்குத்தான் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவன் சிரிக்கல. மாலையக் கழட்டி நாற்காலில வச்சிட்டுப் போயிட்டான். ஒரே பிளாக்ல அவ்வளவு வருஷம் இருந்தோம். ரயில்ல போனா கொஞ்ச தூரம். ஒருநாள் போயி, ஏலே, வயலின்தாம்லேன்னு சொல்லியிருக்கலாம்லா? நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அது அவருக்காகவா எனக்காகவா என்று பிரிக்க முடியவில்லை.

"நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்று என் கையைப் பிடித்தார். "ஸ்டெல்லா விஷயம் எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. யோசிச்சிட்டுதான் இருந்தேன். அவன் பிட்டுக்காக இப்படி அழுகுற பையன்கிட்ட இனி யோசிக்க என்ன இருக்கு? உங்க வீட்டுப் பெரியவங்கள வரச் சொல்லுங்க."

என் வாழ்க்கையில் நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. அதைக் கேட்டபோது என் மடியில் உயிரோடு இருப்பவருக்கு வாங்கிய மாலை இருந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் ஸ்டெல்லா போய்விடுவாள். சொல்லாவிட்டால் கேட் திறந்ததும் உண்மை தானாகவே லுங்கி கட்டிக்கொண்டு வாசலில் நிற்கும். ஒரு முயற்சி செய்து பார்த்தேன்.

"அங்கிள், ஒருவேளை ஏகாம்பரம் சார் உயிரோட இருந்தா?"

"எனக்கும் அப்படித்தான் தம்பி தோணுது" என்றார் அவர். "நம்பவே முடியல."

கேட் திறந்தது.

நெமிலிச்சேரியில் அது ஒரு மண் தெரு. பாதி பூசிய வீடுகள், செங்கல் அடுக்குகள். தெருமுனையில் இறங்கினோம். வழக்கப்படி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்கள். முன்னால் நான். என் கையில் மாலை, மாலைக்கு நடுவில் வயலின். பின்னால் தலைகுனிந்து ஒரு மன்றம். தெருவில் இருந்தவர்கள் எழுந்து நின்று செருப்பைக் கழற்றினார்கள்.

ஏகாம்பரம் லுங்கியும் பனியனுமாக, புதிதாகப் பூசிய காம்பவுண்டு சுவருக்கு ஓஸ் பைப்பால் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வயலின் காதில் விழுந்ததும், பாருங்கள், அந்த மனிதர் பைப்பைக் கீழே போட்டுவிட்டு விறைப்பாக நிமிர்ந்து நின்றார். அவருடைய பிட் அல்லவா. பிட் முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும் கேட்டருகே வந்தார்.

"இன்னாபா, எல்லாரும் ஒண்ணா வந்துகினு கீறீங்க? எவன் பூட்டான்?"

ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பினார்கள். கோதண்டம் மட்டும் ஏகாம்பரத்தின் கால் தரையில் படுகிறதா என்று பார்த்தார்.

சத்தம் கேட்டு உள்ளிருந்து வந்த அவர் மனைவி கஸ்தூரி மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். "உசுரோட கீற மன்சனுக்கு மாலை தூக்கினு வந்துக்கிறான் பாரு. யாருடா நீ? ஒன் மூஞ்சில என் தொடப்பம் பட" என்று ஆரம்பித்தார். மீதியை அச்சில் ஏற்ற முடியாது.

அப்போது சாலமன் எங்கள் எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். கேட்டைத் திறக்கக்கூட இல்லை. கேட்டுக்கு மேலாகவே ஏகாம்பரத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "வயலின்தாம்லே. வயலின்தாம்லே" என்று சொல்லிச் சொல்லி அழுதார். கால் இரண்டும் ஓஸ் பைப் தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தது. ஏகாம்பரம் கொஞ்ச நேரம் விழித்தார். பிறகு அவர் கையும் சாலமனின் முதுகுக்குப் போனது.

விசாரணை உள்ளே நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. நான் நடுவில் நின்றேன். வேகன்ட், குவார்ட்டர்ஸ் ரூல், மினிலாரி எல்லாவற்றையும் ஸ்டெல்லாவின் பெயர் உட்படச் சொல்லி முடித்தேன். சொன்னபோது எனக்கே நம்பும்படியாக இல்லை. வேனில் கொடுத்த வார்த்தையை சாலமன் திரும்ப வாங்கிக்கொள்வதை நான் கண்ணால் பார்த்தேன்.

அதற்குள் கோதண்டம் ஒரு சட்டப் பிரச்சினையைக் கிளப்பினார். எல்லோரும் எழுந்து நின்று பிட்டைப் போட்டாகிவிட்டது. ஆகவே பிட் முறைப்படி வேகன்ட் ஆகிவிட்டது. அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஏகாம்பரம் புதிதாக மனு செய்தால் சீனியாரிட்டியில் கடைசியில்தானே வருவார்?

"அதான் நான் கீறேனே" என்றார் ஏகாம்பரம்.

"நீ கீறது எங்களுக்குத் தெரியுது அண்ணாத்தே. மன்றத்துக்குத் தெரியணும்ல."

"நவம்பர்ல பென்ஷனுக்கு பேங்க்ல போய், உயிரோட கீறேன்னு காட்டுவேன். அத்த பாத்துட்டு குடுப்பியா?"

இதை ஒருவர்கூடச் சிரிக்காமல் பேசினார்கள். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, எந்தப் பக்கமாக ஓடினால் ரயில் நிலையம் வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பிய எங்கயும் பாக்க வேணாம்னு நினைக்கேன்" என்றார் சாலமன் திடீரென்று. "மன்றத்துலயும் சரி, வீட்டுப் பக்கமும் சரி."

நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்வது? நியாயம்தானே.

ஏகாம்பரம் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "இரு சாலமன். இந்தப் பையன் நான் செத்தேன்னு சொன்னான். அத்தினால நீ வந்தே. சொல்லாங்காட்டி வந்திருப்பியா?"

சாலமன் குனிந்து, நனைந்திருந்த பேன்ட் நுனியைப் பிழிந்தார்.

"வந்திருப்பே. நெஜமாவே நான் பூட்டப்புறம் வந்திருப்பே. இதே மாலைய தூக்கினு, இதே மாரி அழுதுகினு வந்திருப்பே. எனுக்குத் தெரிஞ்சிருக்குமா?" கை என் பக்கம் நீண்டது. "இவன் கொஞ்சம் லூசுதான். ஆனா நான் பாக்கறாப்ல உன்ன கூட்டினு வந்துட்டாம்பா. பொண்ண குடுத்துடு."

கஸ்தூரி உள்ளேபோய் எனக்கும் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்தார். சர்க்கரை போடவில்லை. மறந்துவிட்டாரா, அதுதான் தண்டனையா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. முழுவதும் குடித்தேன்.

திரும்பும்போது, வேன் பட்டாபிராம் தாண்டிய பிறகு சாலமன் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "என்ன இருந்தாலும் அது கீபோர்டுதான், தம்பி." அதை ரகசியமாக என்னிடம் சொன்னதிலிருந்து சம்பந்தம் உறுதி என்று புரிந்துகொண்டேன்.

மன்றத்தில் எனக்கும் ஒரு பிட் ஒதுக்கினார்கள். கேட்கும் உரிமை எனக்கு இல்லை, கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தீர்மானம். ஒரு படத்தில் நகைச்சுவை நடிகர் சேற்றில் வழுக்கி விழுவார். அப்போது 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வரும். அதுதான். முழுப் பிட்டும் அவ்வளவுதான். அதையும் மாஸ்டர்தான் போட்டார் என்பதற்கு கோதண்டம் உத்தரவாதம். கல்யாண ரிசப்ஷனில் நானும் ஸ்டெல்லாவும் மேடை ஏறும்போது மன்றத்தார் அதை ஸ்பீக்கரில் போட்டார்கள். சொந்தக்காரன் எழுந்து நிற்க வேண்டும் என்பது விதி. நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால், உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னார்கள். வீடியோவில் இருக்கிறது. ஸ்டெல்லா இப்போது மன்றத்தின் உறுப்பினர். அவளுக்கு ஒரு நல்ல சிதார் கிடைத்தது. அதைப் பற்றி நாங்கள் வீட்டில் பேசுவதில்லை.

ஏகாம்பரம் அண்ணாத்தே அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். மன்றம் கூடும் ஞாயிறு காலையில் எனக்குப் போன் செய்வார். நான் எடுத்ததும் "கீறேன்" என்பார். வைத்துவிடுவார். என்னைப் போன்றவர்கள் மன்றத்தில் இருக்கும்போது தன் பிட்டுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது அவர் வாதம். இது வீட்டில் எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. ஸ்டெல்லா ஆபீஸிலிருந்து லேட்டாக வந்தால் செருப்பைக் கழற்றும்போதே "கீறேன்" என்பாள். மாமியார் மூட்டு ஆபரேஷன் முடிந்து கண் திறந்ததும் அதைத்தான் சொன்னார். யு.கே.ஜி. படிக்கும் எங்கள் மகள், மிஸ் வருகைப் பதிவு எடுக்கும்போது 'பிரசன்ட் மிஸ்' என்பதற்குப் பதிலாக இதைச் சொல்கிறாள் என்று பள்ளியிலிருந்து கூப்பிட்டு விட்டார்கள்.

போன மாதம் மன்றத்து ஞாயிறன்று அந்தப் போன் வரவில்லை. நான் செய்தேன், எடுக்கவில்லை. மாமனாருக்குச் சொன்னேன். அவர் சர்ச் உடையோடு என் வண்டியில் ஏறிக்கொண்டார். நெமிலிச்சேரி வரை என் தோளைப் பிடித்த பிடியை அவர் விடவில்லை. வீட்டு வாசலில் கூட்டம் இல்லை என்று தெரிந்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஏகாம்பரம் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிக் கழுவிக்கொண்டிருந்தார். போன் கீழே சார்ஜில் கிடந்தது. மாடி ஏறிய எங்கள் சத்தம் கேட்டுத் தொட்டிக்கு மேலே தலையை நீட்டினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, அதுக்குள்ள பிட்டு வோணுமா?" என்றார்.

"வேணாம் அண்ணாத்தே" என்றேன். வேறு ஏதாவது வேடிக்கையாகச் சொல்லத்தான் நினைத்தேன். வரவில்லை. "எனக்கு அது எப்பவுமே வேணாம்."

அவர் தேய்க்கும் பிரஷை என் கையில் கொடுத்து, தொட்டிக்குள் இறங்கச் சொன்னார்.